ஒரு முழம் தொங்கட்டும்



இந்த மாதம் உங்களுக்கு ஒரு மூடியைக் குறித்து எழுதுகிறேன். பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்கு, அதன் விளிம்போடு விளிம்பாக மட்டமாகப் பொருந்தும்படி செய்யப்பட்ட மூடி அது. போதகருக்கும் வண்டி மூடிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதைக் குறித்து ஒன்றும் அறியாதிருந்த நாளிலேயே நான் ஒரு மூடியைச் செய்வித்தேன். அதனால் உண்டான நஷ்டத்தை என் தம்பி சுமந்தான். கிராமத்திலே உடன்பிறந்தவர்களை விட்டுவிட்டு நகரங்களில் குடியேறியிருக்கிற நம்மில் அநேகருக்கு இது பிரயோஜனமாயிருக்கும் என்று எண்ணி, மறைக்காமல் எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் ஆரியங்கோடு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் உட்புறமாக, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறியும் இறங்கியும் செல்லுகிற பாதைகளை உடைய ஊர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அந்நாளைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலே நின்றுவிட்டது. ஆனாலும் வாழைக்குலைக்கும் மரச்சீனிக்கும் ரப்பர் ஷீட்டுக்கும் எல்லை பெரிய காரியமல்ல. இன்றைக்கும் எங்கள் ஊர்ச் சரக்கு ஒரு நாள் நெய்யாற்றின்கரைக்கும், மறுநாள் களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் போகிறது. என் தம்பி அப்படிப்பட்ட சரக்கை ஏற்றிப் பிழைக்கிறவன். தன் மரங்களின் ஷீட்டோடு அக்கம்பக்கத்தாரின் ஷீட்டையும் வாங்கி ஏற்றிக்கொண்டுபோய், விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பான். அவனை நம்பி ஐந்தாறு வீட்டார் சரக்கைக் கொடுக்கிறார்கள்.

எங்கள் பகுதிக்கு இரண்டு மழைக்காலம் உண்டு. ஜூன் மாதம் தொடங்குகிறது ஒன்று. ஐப்பசியில் மதியத்துக்குப் பின் இடியோடு இறங்குகிறது மற்றொன்று. ஆகையால் வண்டியில் சரக்கு இருக்கும்போதெல்லாம் தார்ப்பாயும் இருக்க வேண்டும். தம்பி அதை விரிக்கிற விதத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேபினுக்குப் பின்னாலிருந்து தொடங்கி வால்கதவு வரைக்கும் விரிப்பான். மூலைகளைப் பொட்டலம் மடிப்பதுபோல மடிப்பான். பக்கத்துக் கொக்கிகளில் கயிற்றை மாற்றி மாற்றிக் கோர்த்து இழுப்பான். தார்ப்பாயின் ஓரம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு முழம் வெளியே தொங்கும். அதற்குக் கால் மணி நேரம் செல்லும். அதற்குள் மழை இறங்கிவிட்டால் சரக்கு நனையாது, தம்பி நனைவான். அவன் தலையிலிருந்து நீர் வடிய நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் உள்ளம் துயரப்படும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு வண்டி நிறுத்துமிடத்திலே வேறுவிதமான பிக்கப் ஒன்றைக் கண்டேன். பின்தொட்டியின்மேல் கறுப்பு மூடி ஒன்று, மேசைப் பலகைபோல மட்டமாகப் பொருந்தியிருந்தது. உரிமையாளர் பூட்டைத் திறந்து ஒரு விரலால் தூக்கினார். இரண்டு பக்கமும் இருந்த வாயுத் தண்டுகள் அதை மெதுவாக உயர்த்தி நிறுத்தின. கயிறும் இல்லை, கொக்கியும் இல்லை. "மழை வந்தால்?" என்று கேட்டேன். "அடைத்தால் போதும்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாயிருந்தது.

இந்த மூடிக்கு மேல்நாடுகளில் டானோ கவர் என்று பெயர். பீப்பாய் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மோட்டார் வாகனம் தோன்றிய ஆரம்ப நாட்களில், கூரையில்லாத கார்களின் பின்னிருக்கைப் பகுதி பீப்பாயைப்போல வளைந்திருந்ததால் அப்பகுதியை அப்படி அழைத்தார்கள். ஆள் இல்லாதபோது அதன்மேல் இழுத்துக் கட்டின துணிக்கும் அதே பெயர் நின்றது. பிற்பாடு பிக்கப் தொட்டியின் மூடிக்கும் வந்தது. சுருட்டுகிற ரெக்சின் மூடி, மூன்றாக மடிகிற மூடி, அலுமினியப் பட்டைகளாலான ஷட்டர் மூடி, ஒரே பலகையான ஃபைபர் மூடி என்று பல வகைகள் இப்பொழுது உண்டு. அவற்றில் சில, விளிம்பின்மேல் கவிந்து உட்காரும். சில, விளிம்புக்கு உட்புறத்தில் இறங்கி மட்டமாக நிற்கும். 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இசுசு டி-மாக்ஸ் வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளின் உரிமையாளர்கள் இவற்றை விரும்பி வாங்குகிறார்கள். அவ்வண்டிகளில் அநேகம் குடும்பத்தையும் பெட்டிகளையும் சுமக்கிறவை என்பதை நான் அப்பொழுது கவனிக்கவில்லை.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "தார்ப்பாய் உண்டே அண்ணா, அது மதி" என்றான். போதும் என்பதற்கு எங்கள் ஊரில் மதி என்போம். இரண்டாந்தரம் சொன்னபோதும் அதையே சொன்னான். அவன் என் செலவை எண்ணிக் கூச்சப்படுகிறான் என்று நானாகத் தீர்மானித்துக்கொண்டேன். அவனுடைய வண்டியின் அளவுக்கு ஆயத்தமூடி கிடைக்காததால், விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மார்த்தாண்டத்துப் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு அவனையும் வண்டியையும் அழைத்துக்கொண்டு போனேன்.

பட்டறை ஆசான் நல்ல வேலைக்காரர். முதலாவது அவர் கேட்ட கேள்வி, "இதிலே என்ன லோடு போகும்?" என்பது. தம்பி வாய் திறக்குமுன் நான், "எல்லாம் போகும்" என்றேன். பிறகு அவர், "பாஸ்டரே, நடுவிலே ஒரு விரல் பொக்கம் வைப்போம். தண்ணீர் நிக்காமல் ஓடும்" என்றார். அழகு கெட்டுவிடும் என்று நினைத்து, "மட்டமாகவே இருக்கட்டும்" என்றேன். காற்றுப் போக்குக்கு இரண்டு பக்கமும் துவாரம் வைக்கலாமா என்றும் கேட்டார். துவாரம் வைத்தால் மழை வராதா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

சதுர இரும்புக் குழாயால் சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடு, ஓரத்தில் ரப்பர் பீடிங், இரண்டு வாயுத் தண்டு, ஒரு பூட்டு. ஐந்து நாளில் வேலை முடிந்தது. கறுப்பு வர்ணம் அடித்து வெயிலில் நிறுத்தியபோது, வண்டி புதிதாகப் பிறந்ததுபோல் இருந்தது. நான் படம் எடுத்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பினேன். சபையாருக்கும் காண்பித்தேன்.

அதற்குப் பின் நடந்ததை நான் எட்டு மாதங்களுக்குப் பிறகே அறிந்தேன். அந்த எட்டு மாதமும் மூடி எப்படி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம், "நல்லா இருக்கு அண்ணா" என்றே தம்பி சொல்லிவந்தான். உண்மையைச் சொன்னவர்கள் எங்கள் அம்மை. ஒரு சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "மக்களே, அவன் உன்கிட்ட சொல்லமாட்டான். நீ ஆசையா செய்து கொடுத்ததாக்கும்" என்று தொடங்கினார்கள்.

முதலாவது போனது வாழைக்குலை. தொட்டியின் விளிம்புக்குமேல் குலை நின்றால் மூடி அடையாது. படுக்க வைத்து அடுக்கினால் பாதிச் சரக்கே ஏறும். அப்படி ஏற்றினதும், கறுத்த தகட்டுக்குக் கீழே வெப்பத்தில் கிடந்தது. வாழைக்காய் எத்திலீன் என்னும் வாயுவைத் தானே வெளிவிடும். காற்றோட்டமில்லாத வெப்பமான இடத்தில் அது தேங்கி, காயைச் சீக்கிரமாய்ப் பழுக்கச் செய்யும். சந்தைக்குப் போய்த் திறந்தபோது ஒரு பகுதி மஞ்சளாகியிருந்தது. இரண்டு முறை அப்படி ஆனபின், குலை கொடுத்தவர்கள் வேறு வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது ஐப்பசி மழை. தம்பி ஒரு நாள் சாயங்காலம் தன் ஷீட்டையும் மூன்று வீட்டாரின் ஷீட்டையும் ஏற்றி, அதிகாலையில் புறப்படலாம் என்று மூடியை அடைத்துவைத்தான். மறுநாள் ஹர்த்தால். வண்டி இரண்டு இரவும் ஒரு பகலும் முற்றத்திலே நின்றது. மட்டமான மூடியின்மேல் மழைநீர் குளம்போல் தேங்கி, ஓரத்துப் பீடிங்கின் இணைப்புகள் வழியாக இறங்கியது. வால்கதவின் இடுக்கு வழியாகவும் வந்தது. இவை போதாதென்று உள்ளே அடைபட்டிருந்த ஈரக்காற்று, இரவில் குளிர்ந்த தகட்டின் அடியிலே துளிதுளியாய்ப் படிந்து ஷீட்டின்மேல் சொட்டியது. வெளியே பெய்த மழை ஒன்று. மூடியே பெய்த மழை மற்றொன்று.

ரப்பரை அறிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. புகைப்புரையில் காய்ந்த ஷீட்டில் ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கும். ஆர்.எஸ்.எஸ். 1 முதல் 5 வரையுள்ள தரங்களைக் கண்ணால் பார்த்தே பிரிக்கிறார்கள். பூசணம் தரத்தைக் கீழே இறக்கும், தரம் இறங்கினால் விலை இறங்கும். கடைக்காரர் விலையைக் குறைத்தார். அது அவருடைய நியாயம். தம்பியோ அந்த மூன்று வீட்டாருக்கும் நல்ல ஷீட்டின் விலையையே கொண்டுபோய்க் கொடுத்தான். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அம்மையிடம் கேட்டேன். நர்சிங் படிக்கிற அவன் மகளின் கட்டணத்துக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்தானாம். கட்டணத்துக்குப் பின்பு கடன் வாங்கியிருக்கிறான்.

அன்று இரவு அவனிடம், "அப்பொழுதே கழற்றிப் போட்டிருக்கலாமே?" என்றேன். "நீங்க தந்தது அண்ணா. நான் எப்படிக் கழற்ற?" என்றான்.

பிரியமானவர்களே, அந்தப் பதிலுக்கு முன்னால் எனக்கு வார்த்தை இல்லை. என் இரக்கம் உண்மையானதுதான். ஆனால் மழையில் நனைகிறவனைப் பார்த்த நான், அவன் எதைக் காப்பாற்றுவதற்காக நனைகிறான் என்று கேட்கவில்லை. அவன் இரண்டுதரம் "மதி" என்றபோது அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டேன். அது தொழில் அறிந்தவனின் ஆலோசனை.

மறுநாள் இருவருமாய் அதே ஆசானிடம் போனோம். இந்தமுறை நான் பேசவில்லை; தம்பி பேசினான். ஆசான் ஒரு ஹோஸ் குழாயை எடுத்து மூடியின்மேல் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, டார்ச் விளக்கோடு வால்கதவு வழியாக உள்ளே பார்க்கச் சொன்னார். நீர் எங்கே நுழைகிறது என்பது வெளிப்படையாய்த் தெரிந்தது. இந்தச் சோதனையைச் சரக்கு ஏற்றுமுன் முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டும்.

அன்று அவர் சொல்லக் கேட்டு நான் கற்றுக்கொண்டவற்றை, இப்படிப்பட்ட மூடி செய்ய விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மட்டமாகப் பொருந்துகிற எந்த மூடியும் தண்ணீரை முழுவதும் தடுத்துவிடும் என்று எண்ணாதிருங்கள். நன்றாய்ச் செய்யப்பட்ட மூடிகளில், விளிம்பின் உட்புறம் சுற்றிலும் ஒரு சிறு வாய்க்கால் இருக்கும். பீடிங்கைத் தாண்டி வருகிற நீர் அதில் விழுந்து, மூலைகளில் உள்ள குழாய்கள் வழியாகத் தொட்டிக்கு அடியில் வெளியேறும். நீரைத் தடுப்பது பாதி வேலை, போக வழி கொடுப்பது மறுபாதி. அந்தக் குழாய்களில் சருகும் மண்ணும் அடையாதபடி அவ்வப்போது சுத்தம் செய்யவும் வேண்டும். வால்கதவின் இடுக்குகளுக்குத் தனியாக ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும்.

அளவெடுக்கும்போது நீளத்தையும் அகலத்தையும் மாத்திரம் எடுத்தால் போதாது. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுங்கள். உழைத்த வண்டியின் தொட்டி கோணியிருக்கும். இரண்டு அளவும் ஒத்திராவிட்டால், நேரான மூடி அதில் மட்டமாய் உட்காராது. நடுவிலே சற்று உயரம் கொடுங்கள். அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு நேரடியாய்த் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு உண்டாகும். இடையிலே ரப்பர் வையுங்கள். தொட்டியைத் துளைத்து ஆணி அறைவதைவிடக் கிளாம்ப் போட்டு இறுக்குவது நல்லது. துளைத்த இடமெல்லாம் துரு தொடங்கும் இடம். வேகமாய் ஓடும்போது காற்று மூடியை மேலே இழுக்கும். ஆகவே ஒரே பூட்டை நம்பாமல் பின்பக்க இரண்டு மூலையிலும் பிடிப்பு வேண்டும். மூடியின் எடை, வண்டி ஏற்றக்கூடிய பாரத்தில் கழியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சட்டத்தையும் விசாரியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. கழற்றி மாட்டக்கூடிய மூடியானாலும், பணம் கொடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது புத்தி. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதித்த அளவுக்குமேல் சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசானுடைய முதல் கேள்வியை மறவாதிருங்கள்: இதில் என்ன லோடு போகும்? தச்சருடைய கருவிகள், மின்வேலைக்காரரின் சாமான்கள், பார்சல் பெட்டிகள், கூட்டங்களுக்குக் கொண்டுபோகும் ஒலிபெருக்கிகள் முதலியவற்றுக்கு மட்டமான, பூட்டக்கூடிய மூடி மிகவும் ஏற்றது. திருட்டுக்கும் தூசிக்கும் அது நல்ல காவல். சுவாசிக்கிற சரக்குக்கும், விளிம்புக்குமேல் நிற்கிற சரக்குக்கும், ஈரத்தைத் தாங்காத சரக்குக்கும் தார்ப்பாயே உகந்தது. தார்ப்பாய் சரக்கின் உயரத்துக்கு ஏற்ப உயரும். ஓரத்தைத் தளர்த்தினால் காற்றும் போகும்.

வேதாகமக் கல்லூரியில் நான் யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தின் அளவுகளையெல்லாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன். ஆசரிப்புக் கூடாரத்தின் உட்புற மூடுதிரைகளின் நீளம் 28 முழம். அவற்றின்மேல் போட்ட ஆட்டுமயிர்த் திரைகளின் நீளம் 30 முழம். மிச்சமான இரண்டு முழம், ஒரு பக்கத்துக்கு ஒரு முழமாகக் கூடாரத்தின் பக்கங்களில் தொங்க வேண்டும் என்று கட்டளை. பரீட்சையில் அதற்கு மதிப்பெண் வாங்கினேன். ஏன் தொங்க வேண்டும் என்று யோசித்ததில்லை. வீட்டுக் கூரையின் இறவாரத்தைப்போல, மூடுகிறது எதுவானாலும் மூடப்படுவதைவிடச் சற்று நீண்டிருந்தால்தான் ஓரம் காக்கப்படும். என் தம்பி எந்தக் கல்லூரிக்கும் போகாமல், தார்ப்பாயின் ஓரத்தை ஒரு முழம் வெளியே தொங்கவிட்டு அதைச் செய்துவந்தான்.

ஆசான் இரண்டு வழி சொன்னார். மூடியைப் பிரித்து, நடுவை உயர்த்தி, வாய்க்காலும் குழாயும் வைத்து மறுபடி பொருத்தலாம், அல்லது கழற்றிவிடலாம். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சற்றுநேரம் யோசித்து, "கழற்றுவோம் ஆசானே" என்றான். பின்பு தன் வண்டிக்கு வேண்டியதை அவனே சொன்னான்: கேபினுக்குப் பின்னும் நடுவிலும் வால்பக்கத்திலும் கழற்றி மாட்டக்கூடிய மூன்று வளைவுக் கம்பிகள், அவற்றின்மேல் போட ஒரு கனமான புதுத் தார்ப்பாய், இரண்டு பக்கமும் ஒரு முழம் கூடுதல். கம்பி வளைவாய் நிற்பதால் தார்ப்பாய் சரக்கைத் தொடாது, தண்ணீரும் நிற்காது. கயிற்றுக்குப் பதிலாகக் கொக்கியுள்ள ரப்பர் பட்டைகள் போட்டதால், கட்டுவதற்கு ஐந்து நிமிடமே செல்கிறது. நான் விரும்பியதும் அதுவே அல்லவா? அவனிடம் முன்னமே கேட்டிருந்தால் முதல் நாளிலேயே கிடைத்திருக்கும். அவன் மகளின் கட்டணத்துக்காக வாங்கின கடனையும் நான் அடைத்தேன். இது கொடை அல்ல, என் பற்று.

நகரத்திலே பிழைக்கிற நாம் விடுமுறைக்குப் போகும்போது எதையாவது வாங்கிக்கொண்டு போகிறோம். அடுப்படியில் அம்மை உபயோகிக்காத இயந்திரம், அப்பா மாட்டிக்கொள்ளாத காலணி, தம்பி கழற்றத் துணியாத மூடி. அன்பினால் கொடுத்ததாகையால் அவர்கள் குறை சொல்லமாட்டார்கள். ஆகவே அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது, நீங்கள் கொடுத்தவற்றில் ஒன்றைக் காட்டி, "இது உனக்கு உதவுகிறதா?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கு" என்று உடனே பதில் வந்தால், இன்னும் ஒருதரம் கேளுங்கள்.

அந்தக் கறுப்பு மூடி வீணாகவில்லை. வீட்டின் பின்புறத்தில் ஷீட் அடிக்கிற ரோலருக்கு மேலே, நான்கு கால்களை ஊன்றி அதைக் கூரையாகப் பொருத்தியிருக்கிறான் தம்பி. சென்ற மழைக்கு அதன் கீழே நின்றுகொண்டு அவன் வேலை செய்வதைப் பார்த்தேன். ஒரு பக்கம் உயர்த்தி, மறுபக்கம் தாழ்த்தி வைத்திருந்தான். தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.